அரசின் எல்லை எது? மில்டன் ஃப்ரீட்மன் பற்றி வாசகர்கள் கேட்டவை

பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் குறித்துச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அரசின் கை நீள நீளத் தனிமனிதனின் சுதந்திரம் சுருங்குகிறது என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டவர் என்று அதில் அவரை அறிமுகப்படுத்தியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சில அவரைப் போற்றுகின்றன, பல கடிந்துகொள்கின்றன. இரு தரப்புமே அக்கறையோடு கேட்டிருப்பதால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அரசு எதிலுமே தலையிடக் கூடாது என்றவர் ஃப்ரீட்மன் என்று எங்கள் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அவர் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா? (பொருளியல் பயிலும் மாணவி ஒருவர்)

சொல்லவில்லை. 1962இல் வெளிவந்த ‘முதலாளித்துவமும் சுதந்திரமும்’ என்ற நூலில் அரசின் கடமைகளை அவரே வரிசைப்படுத்துகிறார். சட்டம் ஒழுங்கைக் காப்பது, சொத்துரிமையை வரையறுப்பது, ஒப்பந்தங்களை நிறைவேற்ற வைப்பது, நாணயத்துக்கு ஒரு நிலையான சட்டகம் அமைப்பது, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத குழந்தைகளுக்கும் மனநலம் குன்றியவர்களுக்கும் பாதுகாப்பு அளிப்பது ஆகியவை அரசின் பொறுப்பு என்கிறார். ஒருவர் செய்யும் காரியத்தின் கேடு, அதில் சம்பந்தமே இல்லாத மூன்றாம் நபரின் தலையில் விழுமானால் அங்கும் அரசுக்கு வேலை உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். ஆலைப் புகையால் அக்கம்பக்கத்தாரின் துணி கறுத்தால், ஆலை முதலாளிக்கும் அவருடைய வாடிக்கையாளருக்கும் நடந்த வியாபாரத்தின் செலவை வேறு யாரோ சுமக்கிறார்கள். இவற்றை அவர் ‘அண்டை விளைவுகள்’ என்று அழைத்தார்.

அதே நூலில், அமெரிக்க அரசு செய்துவரும், ஆனால் செய்ய நியாயமில்லாத காரியங்கள் என்று 14 இனங்களைப் பட்டியலிடுகிறார். விளைபொருள்களுக்கு விலை ஆதரவு, இறக்குமதித் தீர்வை, வாடகைக் கட்டுப்பாடு, குறைந்தபட்சக் கூலிச் சட்டம், அமைதிக் காலத்தில் கட்டாய ராணுவச் சேவை, தேசியப் பூங்காக்கள், தபால் துறையின் ஏகபோகம் என்று அது நீள்கிறது. இந்தப் பட்டியல் மட்டும் மனதில் தங்கிவிடுவதால்தான் உங்கள் வகுப்பில் சொல்வது போன்ற எண்ணம் பரவியிருக்கிறது.

பட்டியலைவிட அதன் அடியில் இருக்கும் வாதம் முக்கியமானது. கோடிக்கணக்கானவர்களின் உழைப்பை ஒருங்கிணைக்க இரண்டே வழிகள் உண்டு என்பது அவருடைய தொடக்கப்புள்ளி. மேலிருந்து ஆணையிடுவது ஒன்று. இரு தரப்புக்கும் லாபம் இருந்தால் மட்டுமே நடக்கும் தன்னிச்சையான பரிமாற்றம் மற்றொன்று. பிழைப்பும் அரசியல் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்துவிட்டால், அந்தக் கையை எதிர்த்துப் பேசுபவன் எங்கே போய் நிற்பான் என்று அவர் கேட்கிறார்.

இதற்கு அவர் தந்த சான்று, திரைக்கதை ஆசிரியர் டால்டன் ட்ரம்போவின் கதை. கம்யூனிஸ்ட் தொடர்பு குறித்து அமெரிக்க நாடாளுமன்றக் குழு கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்த ஹாலிவுட் பத்துப் பேரில் அவர் ஒருவர். 1947இல் படநிறுவன முதலாளிகள் ஒன்றுகூடி இவர்களுக்கு இனி வேலை தருவதில்லை என்று அறிவித்தார்கள். ட்ரம்போ சிறைக்கும் சென்று வந்தார். பிறகு புனைபெயர்களில் எழுதிப் பிழைத்தார். 1957இல் ‘ராபர்ட் ரிச்’ என்ற பெயருக்கு ஆஸ்கர் அறிவிக்கப்பட்டபோது, பரிசை வாங்க அந்தப் பெயரில் யாரும் இல்லை; அந்த ரிச், ட்ரம்போதான் என்பது 1959இல் வெளிப்பட்டது. நல்ல கதை மலிவாகக் கிடைக்கிறதே என்று லாபம் பார்த்த தயாரிப்பாளர்கள் இருந்ததால்தான் அவரால் உயிர் வாழ முடிந்தது, எல்லாத் திரைப்படங்களையும் அரசே எடுக்கும் நாட்டில் அந்தச் சந்து கூட இருந்திருக்காது என்பது ஃப்ரீட்மனின் வாதம்.

மிக வலுவான வாதம் இது. ஆனால் இந்த நிகழ்ச்சியிலேயே, அவர் கடந்து சென்ற இன்னொரு பாடமும் இருக்கிறது. ட்ரம்போவின் பெயரைக் கறுப்புப் பட்டியலில் ஏற்றியவர்கள் தனியார் முதலாளிகள். அரசியல் அச்சத்தால் அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்பது உண்மைதான். அது கூட்டுச்சதி, சுதந்திரத்தை அழிக்கும் செயல் என்று ஃப்ரீட்மனும் கண்டிக்கிறார். ஆயினும் ஒரு மனிதனின் பிழைப்பைப் பறிக்கும் வல்லமை அரசிடம் மட்டும் இல்லை என்ற உண்மை, அவருடைய சிந்தனையில் உரிய இடத்தைப் பெறவே இல்லை என்பது என் கருத்து. கீழே வரும் பல கேள்விகளுக்கு விடை தேடும்போதும் இந்த இடத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

கேள்வி: பெருநிறுவனங்கள் சந்தையைக் கைப்பற்றிக்கொண்டால் அவற்றைக் கட்டுப்படுத்த அரசை விட்டால் வேறு யார்? (வழக்கறிஞர் ஒருவர்)

உங்கள் கேள்விக்கு ஃப்ரீட்மன் தரும் விடை ஒரு வரலாற்றில் இருக்கிறது. ரயில்வே முதலாளிகளின் கொட்டத்தை அடக்குவதற்காக 1887இல் அமெரிக்காவில் மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையம் ஏற்படுத்தப்பட்டது. அன்று அதற்குக் காரணம் இருந்தது. ரயிலை விட்டால் நெடுந்தூரச் சரக்குக்கு வேறு வழி குறைவு. பின்னர் லாரிகள் வந்தன, போட்டி தானாகவே பிறந்தது. ஆணையத்தின் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 1935இல் லாரிகளையும் அதே ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். யார் எந்தத் தடத்தில் எந்தச் சரக்கை என்ன கட்டணத்தில் ஏற்றலாம் என்பதற்கெல்லாம் அனுமதி தேவைப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்தது. பொதுமக்களைக் காக்கப் பிறந்த அமைப்பு, ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களைப் புதியவர்களிடமிருந்து காக்கும் அரணாக மாறியது. 1980இல்தான் லாரித் தொழில் மீதான கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்ந்தன. ஆணையமே 1995இல் கலைக்கப்பட்டது.

சாதாரண நுகர்வோருக்கு ஒவ்வொரு பொருளிலும் சில காசுகள்தான் நட்டம், அதற்காக அவர் தலைநகருக்குப் படையெடுக்கப் போவதில்லை. தொழிலில் இருப்பவருக்கோ அதுவே வாழ்வா சாவா என்ற பிரச்சினை, ஆகவே அவர் ஆணையத்தின் வாசலிலேயே தவம் கிடப்பார். ஃப்ரீட்மன் விளக்கிய இந்த இயக்கத்தை எந்த நாட்டிலும் காணலாம். தனியார் ஏகபோகம், அரசு ஏகபோகம், அரசின் ஒழுங்குமுறை ஆகிய மூன்றும் தீமைகளே, தாங்கக்கூடிய அளவில் இருந்தால் முதலாவதே குறைந்த தீமை என்று அவர் முடித்தார். இந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. ரயில் ஏகபோகத்தைப் போட்டியாக வந்த லாரி உடைத்தது, ஆனால் அந்த லாரி வந்து சேர ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. அதுவரை விளைச்சலை விற்க வழியின்றி ரயில்காரர் கேட்ட கட்டணத்தைக் கொடுத்த விவசாயிக்கு, காலப்போக்கில் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆறுதல் போதுமா?

கேள்வி: பணவீக்கத்துக்கு அரசே காரணம் என்றாராமே? நான் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் அனுபவத்தில் விலை ஏறுவதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு.

ஒரு பொருளின் விலை ஏறுவதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம் ஐயா. எல்லாப் பொருள்களின் விலையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஏறுவதற்கு ஒரே காரணம்தான் உண்டு, உற்பத்தி பெருகும் வேகத்தைவிடப் பணம் பெருகும் வேகம் அதிகமாக இருப்பதே அது என்பது ஃப்ரீட்மனின் நிலைப்பாடு. பணவீக்கம் எங்கும் எப்போதும் பணம் சார்ந்த நிகழ்வே என்ற அவருடைய புகழ்பெற்ற கூற்று 1963இல் பம்பாயில் ஆற்றிய உரையில் இடம்பெற்றது என்பது நம் நாட்டினர் பலர் அறியாத செய்தி. அந்தப் பணத்தை அச்சிடும் உரிமை அரசிடம் இருப்பதால், பேராசைக்கார வியாபாரியையோ கூலி உயர்வு கேட்கும் தொழிற்சங்கத்தையோ கைகாட்டிவிட்டு அரசு தப்பித்துக்கொள்ளக் கூடாது என்றார்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. அன்னா ஷ்வார்ட்ஸுடன் இணைந்து அவர் 1963இல் வெளியிட்ட அமெரிக்கப் பண வரலாறு, 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதாரச் சரிவான பெருமந்தத்தைப் பற்றிய பார்வையையே மாற்றியது. 1929க்கும் 1933க்கும் இடையில் அமெரிக்காவில் புழங்கிய பணத்தின் மொத்த அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கியது. 1930 டிசம்பரில் நியூயார்க்கில் ‘பாங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற வங்கி கதவை மூடியது. அது தனியார் வங்கிதான். ஆனால் பெயரைப் பார்த்து அரசு வங்கியே விழுந்துவிட்டதாக வெளிநாட்டவர்கள் கூட மிரண்டார்கள். ஒரு வங்கி விழுந்ததும் அடுத்த வங்கியின் வாசலில் மக்கள் கூடினார்கள்; அதுவும் விழுந்தது. ஆயிரக்கணக்கான வங்கிகள் இப்படி மூழ்கிக்கொண்டிருக்கையில், இத்தகைய நெருக்கடியில் கைகொடுப்பதற்காகவே 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், பணத்தைப் புகுத்தி அவற்றைக் காக்கத் தவறியது. சந்தை தோற்றது என்று உலகம் எழுதிய வரலாற்றை, காவல் காக்க வேண்டியவர் தோற்ற வரலாறாக ஃப்ரீட்மனும் ஷ்வார்ட்ஸும் திருத்தி எழுதினார்கள். 2002இல் ஃப்ரீட்மனின் 90ஆம் பிறந்தநாளைச் சிறப்பிக்கும் கூட்டத்தில், அப்போது ஃபெடரல் ரிசர்வ் ஆளுநர்களில் ஒருவராக இருந்த பென் பெர்னான்கி, நீங்கள் சொன்னது சரி, தவறு எங்களுடையதே என்று தம் அமைப்பின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2008இல் வங்கிகள் ஆட்டம் கண்டபோது அந்த அமைப்பின் தலைவர் பெர்னான்கியே. பணம் சுருங்கிவிடாமல் இருக்க அவர் எடுத்த நடவடிக்கைகளில் அந்தப் பாடத்தைக் காணலாம்.

நோயை இவ்வளவு துல்லியமாகக் கண்டறிந்தவர் எழுதிக் கொடுத்த மருந்து அந்த அளவுக்குப் பலிக்கவில்லை. நிபுணர்களின் விருப்பத்துக்கு விட்டால் அவர்கள் அளவு மீறிச் செய்வார்கள், ஆகவே பண அளவை ஆண்டுதோறும் ஒரே சீரான விகிதத்தில் மட்டும் கூட்டுங்கள் என்றார். 1979 முதல் பால் வோல்க்கரின் தலைமையில் ஃபெடரல் ரிசர்வ் பண அளவைக் குறிவைத்து இறுக்கியது. 1980இல் 14 விழுக்காட்டைத் தாண்டியிருந்த பணவீக்கம் 1983இல் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது; இடையில் 1982இன் இறுதியில் வேலையின்மை 10.8 விழுக்காட்டைத் தொட்டது. பணம் கைமாறும் வேகமே கணிக்க முடியாதபடி மாறியதால், பண அளவைக் குறியாக வைக்கும் முறையை மத்திய வங்கிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. அம்முறை வெற்றிபெறவில்லை என்பதை 2003இல் ஃப்ரீட்மனே ஏற்றுக்கொண்டார்.

வேலையிழந்தவர்களின் அந்த ஆண்டுகளைப் புள்ளிவிவரமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பணவீக்கம் என்பது சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்தாமலே ஏழையின் சட்டைப்பையிலிருந்து எடுக்கப்படும் வரி என்று அவர் சொன்னதில் உள்ள அறச்சீற்றம் நேர்மையானது.

கேள்வி: ஏழைகளைச் சந்தையின் கருணைக்கு விட்டுவிடுவதுதானே இந்தக் கொள்கையின் சாரம்? (சமூகப் பணியாளர் ஒருவர்)

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஏழைகளுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் ரொக்கமாகப் பணம் கொடுங்கள் என்று அமெரிக்காவில் முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஃப்ரீட்மன் ஒருவர். அவருடைய ‘எதிர்மறை வருமான வரி’ இப்படி இயங்கும். ஒரு குடும்பத்துக்கு வரி விலக்கு வரம்பு 10,000 டாலர் என்றும், விகிதம் 50 விழுக்காடு என்றும் எளிமைக்காக வைத்துக்கொள்வோம். வருமானமே இல்லாத குடும்பத்துக்கு வரம்புக்குக் குறையும் 10,000 டாலரில் பாதி, அதாவது 5,000 டாலரை அரசு கொடுக்கும். அந்தக் குடும்பம் 4,000 டாலர் சம்பாதித்தால் வரம்புக்கு 6,000 குறைகிறது. அதில் பாதியான 3,000 கிடைக்கும். கையில் இருப்பது மொத்தம் 7,000. சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் உதவி முழுதாக வெட்டப்படாமல் பாதி கையில் தங்குவதால், வேலைக்குப் போவது நட்டமாகாது.

ஏழைகளுக்கு உதவும் பொறுப்பைத் தனியார் தருமத்துக்கே விட்டுவிடலாமே என்ற வாதத்துக்கும் அவர் தம் கோட்பாட்டிலிருந்தே விடை சொன்னார். பிறர் வறுமை தீர்ந்தால் எனக்கும் மனநிறைவு. அதை யார் தீர்த்தாலும் அந்த நிறைவு எனக்குக் கிடைத்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொருவரும் மற்றவர் கொடுக்கட்டும் என்று இருந்துவிடுவார்கள். எல்லோரும் கொடுத்தால் நானும் கொடுக்கத் தயார் என்பவர்களை ஒன்றுசேர்க்க வரி என்ற ஏற்பாடு தேவைப்படுகிறது.

இந்தத் திட்டத்தில் என்னை ஈர்ப்பது அதன் அடியில் உள்ள மரியாதை. ஏழையின் வீட்டுக்குள் புகுந்து, கணவன் இருக்கிறானா, வேறு யார் தங்கியிருக்கிறார்கள், என்ன வாங்கினாய் என்று கேட்கும் அதிகாரியை அது வெளியே நிறுத்துகிறது. தன் பிள்ளைக்கு எது தேவை என்பது அந்தத் தாய்க்குத் தெரியும் என்று நம்புகிறது. 1969இல் அதிபர் நிக்சன் இதை ஒத்த ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதைப் பழைய உதவித் திட்டங்களின் மேல் அடுக்கி, உழைத்தால் உதவி வெட்டப்படும் பழைய சிக்கலை மீண்டும் கொண்டுவந்ததால் ஃப்ரீட்மனே அதன் இறுதி வடிவத்தை எதிர்த்தார். செனட் சபையில் அது தேறவில்லை. அதன் சாயலில், உழைத்துக் குறைவாக ஈட்டுவோருக்கு வருமான வரி வழியே பணம் வழங்கும் முறை 1975இல் வந்தது, இன்றும் தொடர்கிறது.

நான் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. மற்ற எல்லா நலத்திட்டங்களுக்கும் பதிலாகவே இந்த ரொக்கம் இருக்க வேண்டும் என்றார் அவர். மருத்துவமனையே இல்லாத வட்டாரத்தில் கையில் இருக்கும் பணத்தால் சிகிச்சை வாங்க முடியாது. தேவையும் பணமும் உள்ள இடத்துக்குச் சந்தை வந்து சேரும் என்பார் அவர். நோயாளிக்கு அவ்வளவு நாள் காத்திருக்க இயலாது.

கேள்வி: குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தொழிலாளிக்கே தீங்கு என்ற அவருடைய கருத்து நிரூபிக்கப்பட்டதா?

கூலியைச் சட்டத்தால் உயர்த்தினால் திறன் குறைந்தவர்களே, குறிப்பாக இளைஞர்களே, முதலில் வேலை இழப்பார்கள் என்றார். 1992இல் நியூஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலராக இருந்த கூலியை 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரு பக்கத்துத் துரித உணவகங்களையும் ஒப்பிட்ட டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் ஆகியோர், வேலைகள் குறைந்ததற்கான அடையாளம் இல்லை என்று 1994இல் எழுதினார்கள். அதை மறுத்தும் ஆய்வுகள் வந்தன, விவாதம் ஓயவில்லை. மிதமான உயர்வு என்றால் அவர் எச்சரித்த கேடு நேர்ந்தே தீரும் என்று இன்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. எவ்வளவு உயர்த்தினாலும் கேடில்லை என்றும் சொல்ல முடியாது.

கேள்வி: பள்ளிக் கட்டணச் சீட்டுத் திட்டம் பற்றி விளக்குங்கள். அது சமத்துவத்தை வளர்க்குமா, குலைக்குமா? (ஆசிரியை ஒருவர்)

கல்விக்கு அரசு பணம் தரலாம், ஆனால் பள்ளியை அரசே நடத்த வேண்டியதில்லை என்பதே 1955இல் அவர் எழுதிய கட்டுரையின் மையக் கருத்து. ஒரு குழந்தைக்கு ஆகும் செலவைச் சீட்டாகப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டால் அவர்கள் விரும்பிய பள்ளிக்கு அதைக் கொண்டு செல்வார்கள், பிள்ளைகளை ஈர்க்கப் பள்ளிகள் போட்டியிடும், வசதியுள்ளவருக்கு மட்டும் இருக்கும் தேர்வு ஏழைக்கும் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு.

ஆனால் அந்தக் கட்டுரை வெளிவந்த வேளையைக் கவனியுங்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்திருந்தது. தென் மாநிலங்களில் அந்தத் தீர்ப்பிலிருந்து தப்ப, தனியார் பள்ளிகளுக்கு அரசுப் பணம் தரும் வழியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இதை அறிந்து ஃப்ரீட்மன் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார்; கட்டாயப் பிரிவினையையும் கட்டாயக் கலப்பையும் ஒருசேர எதிர்ப்பதாகவும், கலப்புப் பள்ளிகளே தம் விருப்பம் என்றும் எழுதினார். வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்தில் நடந்தது இதுதான்: கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்ப்பதைவிடப் பள்ளிகளே இல்லாமல் இருக்கட்டும் என்று 1959இல் எல்லா அரசுப் பள்ளிகளையும் இழுத்து மூடினார்கள். வெள்ளையர் பிள்ளைகள் கட்டண மானியத்தோடு தனியார் பள்ளிக்குப் போனார்கள். நீதிமன்றம் 1964இல் தலையிடும் வரை ஐந்து ஆண்டுகள், கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முறையான பள்ளியே இல்லை. எட்டு வயதில் வீட்டில் உட்காரவைக்கப்பட்ட ஒரு குழந்தை பதின்மூன்று வயதில்தான் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தது. ஃப்ரீட்மன் இதை விரும்பியவர் அல்லர், இனவெறியை மனமார வெறுத்தவர். ஆனால் தேர்வுரிமை என்பது ஏற்கெனவே வலிமை உள்ளவர்களின் கையில் எப்படிப்பட்ட ஆயுதமாகும் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டங்களையும் இதே அடிப்படையில் எதிர்த்தார். திறமையான தொழிலாளியை நிறம் பார்த்து ஒதுக்கும் முதலாளி அதிகச் செலவு செய்து போட்டியில் தோற்பார், சந்தையே அவரைத் திருத்தும் என்றார். பேருந்தில் தனி இருக்கை போன்றவை அரசுச் சட்டங்களால் திணிக்கப்பட்டவை என்று அவர் சுட்டிக்காட்டியதும் உண்மையே. ஆனால் தென் கரோலினா நெசவாலைகளில் பல பதிற்றாண்டுகளாகச் சந்தை திருத்தாத வழக்கம், 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே தகர்ந்து, கறுப்பினத் தொழிலாளர் எண்ணிக்கை விறுவிறுவென்று உயர்ந்தது.

சீட்டுத் திட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த இடங்களில் சிலி முதன்மையானது. 1981இல் தொடங்கிய அத்திட்டத்தால் தனியார் பள்ளிகள் பெருகின, நடுத்தர வகுப்பினர் அவற்றுக்கு மாறினார்கள். ஏழைகள் அரசுப் பள்ளிகளில் தேங்கினார்கள். சராசரிக் கல்வித் தரம் அதனால் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்று 2006இல் வெளியான ஒரு விரிவான ஆய்வு கூறியது. மாணவர்களைப் பொறுக்கியெடுத்துச் சேர்ப்பதையும் லாபம் ஈட்டுவதையும் தடுக்கும் சட்டம் அங்கே 2015இல் இயற்றப்பட்டது.

கேள்வி: சிலி நாட்டின் சர்வாதிகாரி பினோஷேவுக்கு ஆலோசகராக இருந்தவருக்குச் சுதந்திரம் பற்றிப் பேச என்ன தகுதி?

அவர் ஆலோசகர் பதவி எதையும் வகிக்கவில்லை. 1973இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின், 1975 மார்ச்சில் ஆறு நாள்கள் சிலியில் தங்கி உரைகள் ஆற்றினார். பினோஷேவை முக்கால் மணி நேரம் சந்தித்தார். ஆண்டுக்கு 300 விழுக்காட்டுக்கும் மேல் விலைகள் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. அரசுச் செலவை உடனடியாக வெட்டிப் பணம் அச்சிடுவதை நிறுத்துங்கள் என்று அடுத்த மாதம் கடிதம் எழுதினார். ஃப்ரீட்மன் பேராசிரியராக இருந்த சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்ற சிலி நாட்டுப் பொருளியலாளர்களே அங்கு அதிகாரப் பொறுப்பில் இருந்தார்கள். 1976இல் ஃப்ரீட்மன் நோபல் பரிசு பெறச் சென்றபோது ஸ்டாக்ஹோமில் எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்தன. சீனத்தின் கம்யூனிஸ்ட் தலைவர்களுக்கும் இதே ஆலோசனையைத் தந்தேன், அதற்கு யாரும் கண்டிக்கவில்லையே என்று அவர் பின்னாளில் கேட்டதில் நியாயம் உண்டு.

என் மனக்குறை வேறு. பொருளாதாரச் சுதந்திரம் இல்லாமல் அரசியல் சுதந்திரம் நிலைக்காது, ஆனால் முன்னது இருந்தாலே பின்னது வந்துவிடாது என்று 1962இலேயே எழுதியவர் அவர். சிலியில் மக்களாட்சி திரும்பியபோது அதைச் சந்தைச் சீர்திருத்தத்தின் பலனாகக் கண்டார். ஆனால் 1988 பொது வாக்கெடுப்பில் பினோஷேவைத் தோற்கடித்தவர்களில், சிறையையும் நாடுகடத்தலையும் தாங்கிப் பல ஆண்டுகள் போராடியவர்கள் இருந்தார்கள். அந்தப் போராட்டத்துக்கு அவருடைய விளக்கத்தில் இடமே கிடைக்கவில்லை.

கேள்வி: அவர் இந்திய அரசுக்கு ஆலோசனை வழங்கினாரா?

ஆம். 1955இல் நிதி அமைச்சகத்தின் அழைப்பில் வந்து, அந்த நவம்பரில் ஒரு குறிப்பாணை அளித்தார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் உருவாகிக்கொண்டிருந்த காலம். ஒருபுறம் பெருமுதலீட்டுக் கனரகத் தொழிலுக்கும் மறுபுறம் கைத்தொழிலுக்கும் சலுகை தந்து, நடுவில் இருக்கும் சிறு, நடுத்தரத் தொழில்களை நெருக்குகிறீர்கள் என்றார். ரூபாயின் மாற்று விகிதத்தைச் சந்தைக்கு விடுங்கள், இறக்குமதி உரிமங்களைக் கைவிடுங்கள், இயந்திரங்களைவிட மனிதர்களின் கல்வியிலும் திறனிலும் முதலீடு செய்யுங்கள் என்பவை அவருடைய யோசனைகள். அதே ஆண்டில் நம் பொருளியலாளர் பி.ஆர். ஷெனாயும் திட்டத்தின் அளவு குறித்துத் தனியே மறுப்புக் குறிப்பு எழுதினார். இருவரின் குரலும் எடுபடவில்லை. 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. உரிம முறை பெருமளவு தளர 1991 வரை ஆயிற்று. மனிதர்களின் கல்வி பற்றிய பகுதியை அன்று காதில் வாங்கியிருக்கலாம் என்று நான் வருத்தத்தோடு நினைக்கிறேன். அதற்கு ஒருவர் சந்தைப் பொருளாதாரத்தை ஏற்க வேண்டிய அவசியம் கூட இல்லை.

கேள்வி: நிறுவனங்களுக்குச் சமூகப் பொறுப்பே கிடையாது என்றாரே?

1970இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் அப்படி எழுதினார். நிர்வாகி செலவழிப்பது பங்குதாரரின் பணம், தன் விருப்பத்துக்குத் தருமம் செய்தால் தேர்தல் இல்லாமலே வரி விதிப்பவராகிறார் என்பது வாதம். சட்டத்துக்கும் சமூகத்தின் நெறிகளுக்கும் உட்பட்டு, வஞ்சனையற்ற திறந்த போட்டியில் லாபம் தேட வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தார். அதே பெருநிறுவனங்கள் பணத்தைக் கொட்டி விதிகளையே தமக்கேற்ப எழுதச் செய்யும்போது அந்த நிபந்தனை என்னாகும் என்பதை அக்கட்டுரை ஆராயவில்லை.

கேள்வி: அவருடைய கருத்துகளில் தாங்கள் தயக்கமின்றி ஏற்பது எது? (கல்லூரி நூலகர் ஒருவர்)

கட்டாய ராணுவச் சேவைக்கு எதிராக அவர் நின்றது. வியட்நாம் போரின்போது அமெரிக்க இளைஞர்கள் சட்டத்தின் வலுவில் படைக்கு இழுக்கப்பட்டார்கள். சந்தையில் என்ன ஊதியம் கொடுத்தால் ஒருவர் மனமுவந்து வருவாரோ அதைவிடக் குறைவாகக் கொடுத்து அவரைக் கட்டாயப்படுத்துவது, அந்த வேறுபாட்டை அந்த இளைஞனிடமிருந்தே வரியாகப் பிடுங்குவதாகும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். நாட்டின் பாதுகாப்புச் செலவைப் படைக்குப் போகும் வயதிலுள்ள ஏழைப் பையனின் தலையில் கட்டாமல் எல்லோரும் வரியாகப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்றார்.

இதை ஆராய 1969இல் அமைக்கப்பட்ட கேட்ஸ் ஆணையத்தில் அவரும் உறுப்பினர். வியட்நாமில் படைகளை நடத்திய தளபதி வெஸ்ட்மோர்லண்ட் ஆணையத்தின் முன் வந்து, கூலிப்படைக்குத் தலைமை தாங்க எனக்கு விருப்பமில்லை என்றார். அப்படியானால் அடிமைப்படைக்குத் தலைமை தாங்குவீர்களா என்று ஃப்ரீட்மன் குறுக்கிட்டுக் கேட்டார். நாட்டுப்பற்றுள்ள இளைஞர்களை அடிமைகள் என்று சொல்வதை ஏற்க மாட்டேன் என்று தளபதி கூற, நாட்டுப்பற்றுள்ள தன்னார்வலர்களைக் கூலிகள் என்று சொல்வதை நானும் ஏற்க மாட்டேன் என்று பதிலளித்தார். தன்னார்வப் படையே போதும் என்று ஆணையம் 1970 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. ஆள் சேர்க்கும் அதிகாரம் 1973இன் நடுவில் காலாவதியானது. அரசின் கொள்கைகளில் தாம் ஈடுபட்டவற்றுள் மிகுந்த நிறைவு தந்தது இதுவே என்று அவர் சொல்வதுண்டு. உங்கள் நூலகத்தில் அவருடைய நூல்கள் எவையேனும் இருந்தால், பணத்தைப் பற்றிய பகுதிகளுக்குப் போவதற்கு முன் இந்தப் பொருள் குறித்து அவர் எழுதியவற்றை மாணவர்களிடம் எடுத்துக் கொடுங்கள்.